வி838 மான் 20,000 ஒளியாண்டா, 5,000 ஒளியாண்டா? ஒளி எதிரொலிக் கணக்கும் சிங்கப்பூர் வானமும்

செங்காங் | பிப்ரவரி 4, இரவு 11:08

வி838 மோனோசெரோட்டிஸ், சுருக்கமாக வி838 மான்: மோனோசெரோஸ் விண்மீன் குழுவில் திடீரென வெடித்துப் பிரகாசித்த நட்சத்திரம். 2002 பிப்ரவரி 6 அன்று உச்ச ஒளி. வெடிப்பின் ஒளி சுற்றியுள்ள தூசியில் பட்டுத் தெறித்து, தாமதமாக நம்மை எட்டி, விரியும் வளையமாகத் தெரிவதுதான் ஒளி எதிரொலி. ஹபிள் தொலைநோக்கிப் படங்களில் அதன் ஆரத்தை அளந்தால் மே 20 அன்று 20.6 வில்நொடி, டிசம்பர் 17 அன்று 36 வில்நொடி வருகிறது (வில்நொடி என்பது ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு; ஒரு வில்நொடி முன்னே பின்னே இருக்கலாம்). பிப்ரவரி 6 இலிருந்து டிசம்பர் 17 வரை 314 நாள். அதற்குள் ஒளி போகும் தூரம் 0.86 ஒளியாண்டு. 36 வில்நொடியை ரேடியனாக்கி 0.86ஐ அதால் வகுத்தால் நட்சத்திரத்தின் தூரம் 4,900 ஒளியாண்டு. ஆனால் எங்கே தேடினாலும் 20,000 என்று போட்டிருக்கிறார்கள். 20,000 சரி என்றால் அந்த வளையம் ஒளியைவிட நாலு மடங்கு வேகத்தில் விரிந்திருக்க வேண்டும். என் கணக்குதான் சரி, 20,000 ஊதிப் பெருக்கிய எண் என்கிறேன். மறுப்பவர்கள் எண்ணோடு வரவும்.

இன்னொரு கேள்வி. தைப்பூசம் முடிந்தால் வானம் திறக்கும். இந்த மாதிரி ஒன்றை வீவக (அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு) மாடி கார்பார்க்கிலிருந்து, டூயல் பேண்ட் ஃபில்டர் போட்டுப் பிடிக்க முடியுமா?

ஈசூன் | பிப்ரவரி 4, இரவு 11:31

எண்ணோடே வருகிறேன். அதே கணக்கை மே 20க்கும் போடுங்க. 103 நாள், 0.282 ஒளியாண்டு, 20.6 வில்நொடி. விடை 2,800 ஒளியாண்டு. மே மாதம் 2,800இல் இருந்த நட்சத்திரம் டிசம்பரில் 4,900க்கு ஓடிவிட்டதா?

ஒரே நட்சத்திரத்துக்கு இரண்டு தூரம் வந்தால் கணக்குக்குள் ஒளிந்திருக்கும் அனுமானத்தைத்தான் பிடிக்கணும். வளையத்தில் தெரியும் தூசி நட்சத்திரத்துக்கு நேர் பக்கவாட்டில், நம் பார்வைக்கோட்டுக்குச் செங்குத்தாக இருக்கிறது என்று நீங்க சொல்லாமலே எடுத்துக்கிட்டீங்க. அது அங்கே இல்லை.

பிடோக் | பிப்ரவரி 5, காலை 7:12

வடிவக்கணிதத்தையும் வைத்துவிடலாம், பிறகு திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டாம்.

வெடிப்பின் ஒளி நேராக நம்மை எட்டிய நாள் பூஜ்யம். அதற்குப் பின் கழிந்த ஆண்டுகள் ‘கா’. தூசி பார்வைக்கோட்டிலிருந்து பக்கவாட்டில் விலகிய தூரம் ‘ப’. நட்சத்திரத்திலிருந்து நம் பக்கமாக முன்னால் நிற்கும் தூரம் ‘ஆ’. இரண்டும் ஒளியாண்டில்.

ஆ = (ப² ÷ 2கா) − (கா ÷ 2)

சுற்றிவந்த ஒளி ‘கா’ ஆண்டு தாமதம் என்றால், அந்தத் தாமதத்தைக் கொடுக்கக்கூடிய புள்ளிகளெல்லாம் ஒரு பரவளையத்தின் மேல் இருக்கும். வாய் நம்மைப் பார்த்த ஆழமான கிண்ணம் அது. நட்சத்திரம் அதன் குவியத்தில், அடிப்பகுதி நட்சத்திரத்துக்குப் பின்னால் கா/2 தூரத்தில். நாள் போகப் போகக் கிண்ணம் அகலும். கிண்ணம் தூசியை வெட்டும் இடம் மட்டும் நமக்கு அன்றைக்கு ஒளிரும். தூசி நகரவில்லை, அங்கேயே நிற்கிறது. இன்று ஒளிரும் தூசி வேறு, போன மாதம் ஒளிர்ந்தது வேறு.

இப்போது 20,000 ஒளியாண்டு என்று வைத்துச் செங்காங் அளந்ததைப் போடுவோம்.

மே 20: ப = 2.0, கா = 0.282. ஆ = 6.95.
டிசம்பர் 17: ப = 3.5, கா = 0.86. ஆ = 6.7.

இரண்டு நாளும் தூசி ஏறக்குறைய ஒரே இடத்தில், நட்சத்திரத்துக்கு 7 ஒளியாண்டு முன்னால். ஆரத்தின் வர்க்கம் காலத்தோடு நேர்விகிதத்தில் போகிறதா என்றும் பாருங்கள்: (36 ÷ 20.6)² = 3.05, காலவிகிதம் 0.86 ÷ 0.282 = 3.05. முன்னால் நிற்கும் தூசிப் படலத்தின் கைரேகை இதுதான்.

‘ஒளியைவிட நாலு மடங்கு’ என்பது சராசரி. அந்தந்தக் கணத்தின் தோற்றவேகம் (ஆ + கா) ÷ ப. மே மாதம் ஒளிவேகத்தைப்போல 3.6 மடங்கு, டிசம்பரில் 2.2. குறைந்துகொண்டே போகும். உண்மையில் பொருள் எறியப்பட்டிருந்தால் ஏழு மாதத்தில் இப்படி வேகம் குறைய எந்தக் காரணமும் இல்லை.

தோ பாயோ | பிப்ரவரி 5, காலை 8:03

காலை ஏழு மணிக்கு எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டு பரவளையம் போடுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் லா.

ஜூரோங் | பிப்ரவரி 5, மதியம் 1:20

ஃபில்டர் கேள்விக்கு: வேண்டாம். எதிரொலி என்பது தூசியில் பட்டுத் தெறிக்கும் நட்சத்திர ஒளி. நிறமாலை முழுக்கப் பரவிய ஒளி அது. டூயல் பேண்ட் ஃபில்டர் ஹைட்ரஜன் ஆல்ஃபா, ஆக்சிஜன் கோடுகளைச் சுற்றிச் சில நானோமீட்டரை மட்டும் விட்டு மீதியை வெட்டும். ஓரியன் நெபுலா (விண்வெளி மேகம்) மாதிரி தானே ஒளிரும் வாயுவுக்கு அது வரம். இங்கே வான வெளிச்சத்தோடு சேர்த்து எதிரொலியையும் அதே அளவு வெட்டிவிடும், மிஞ்சுவது இரைச்சல். அதுவும் தெருவிளக்கெல்லாம் வெள்ளை எல்இடி ஆனபிறகு, பழைய சோடியம் விளக்குக்கென்று வந்த ஒளிமாசு ஃபில்டர்களும் பெரிதாகக் கைகொடுப்பதில்லை.

எவ்வளவு நேரம் பிடிக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். நம் வானத்தின் வெளிச்சம் சதுர வில்நொடிக்கு 18 அளவை ஒட்டி இருக்கும் (எண் குறையக் குறைய வெளிச்சம் அதிகம்). நல்ல இருண்ட இடம் 21.5. வித்தியாசம் 3.5, அதாவது பின்புலம் 25 மடங்கு வெளிச்சம். மங்கலான, பரந்த பொருளுக்கு அதே தரத்தில் படம் வேண்டுமென்றால் எக்ஸ்போஷர் நேரமும் 25 மடங்கு. மலேசியாவின் மெர்சிங் கடற்கரைக்கு அப்பால் ஒரு மணி நேரத்தில் கிடைப்பது இங்கே 25 மணி நேரம். 2016இல் வந்த உலக ஒளிமாசு வரைபடத்தில் சிங்கப்பூர்தான் முதலிடம். மக்கள் அத்தனை பேரும் கண் இருளுக்கு முழுதாகப் பழகவே முடியாத வானத்தின் கீழ் இருக்கிறோம் என்று அதில் இருக்கிறது. பெருமைப்பட ஒன்றுமில்லை.

ஆனால் பூமத்தியரேகையை ஒட்டி இருப்பதில் லாபம் உண்டு. வி838 மான் இங்கே 85 பாகை உயரத்துக்கு வரும். எதிரொலி தந்த மற்றவையும் உண்டு: ஆர்எஸ் பப்பிஸ் நட்சத்திரம் 54 பாகை. ஈட்டா கரினே 29. வடக்கே காஸ் ஏ என்ற சூப்பர்நோவா எச்சம் கூட 32.

செங்காங் | பிப்ரவரி 5, இரவு 10:46

பிடோக் அண்ணே, பரவளையம் ஒத்துக்கிட்டேன். இரண்டு தேதிக்கு இரண்டு தூரம் வந்ததும் என் 4,900 போச்சு. ஆனா நீங்க 20,000ஐ முதல்லயே போட்டுத்தானே ஆழம் (‘ஆ’) 7 எடுத்தீங்க? 10,000 போட்டா என்ன ஆகும்? அதுவும் ஒத்துப்போகும்தானே?

பிடோக் | பிப்ரவரி 6, காலை 7:05

சரியான இடத்தில் கை வைத்தீர்கள் தம்பி. 10,000 போட்டால் மே மாதம் ஆ = 1.63, டிசம்பரில் 1.34. கொஞ்சம் விலகுகிறது, ஆனால் ‘தூசி சமதளமாக இல்லை, ஓரம் பின்னால் வளைந்திருக்கிறது’ என்று ஒருவர் சொன்னால் மறுக்க முடியாது. ஆரத்தை மட்டும் அளந்தால், முதல் ஓரிரு ஆண்டுகளில் தூரத்தின் வர்க்கத்தை ஆழத்தால் வகுத்த எண் ஒன்றுதான் உறுதியாகக் கிடைக்கும். தூரம் தனியாக, ஆழம் தனியாகப் பிரியாது. சூத்திரத்தில் உள்ள அந்தச் சின்ன ‘கா ÷ 2’தான் இரண்டையும் பிரிக்கும். அது பெரிதாகப் பல ஆண்டு காத்திருக்க வேண்டும், அதற்குள் எதிரொலி வேறு தூசிக்குப் போய்விடும்.

பூட்டைத் திறந்தது போலரைசேஷன், அதாவது ஒளியலைகள் ஒரே திசையில் அதிர்வது. தூசியில் ஒளி 90 பாகை திரும்பும்போது போலரைசேஷன் உச்சத்தில் இருக்கும். 90 பாகை திரும்பும் இடம் நட்சத்திரத்துக்கு நேர் பக்கவாட்டில், அதாவது ஆ = 0. அங்கே ப = கா. செங்காங் முதலில் போட்ட கணக்கு அந்த ஒரு வளையத்துக்கு மட்டும் நூற்றுக்கு நூறு செல்லும்! வெளி விளிம்பை எடுத்ததுதான் கோளாறு. போலரைசேஷன் உச்சமாக இருக்கும் வளையத்தின் ஆரத்தை எடுத்தால் தூரம் நேராக விழும். ஸ்பார்க்ஸ் குழு ஹபிளின் ஏசிஎஸ் கேமராவில் 0, 60, 120 பாகைப் போலரைசர்களில் எடுத்த படங்களிலிருந்து 2008இல் வெளியிட்ட விடை 6.1 கிலோபார்செக், முன்பின் 0.6 (ஒரு பார்செக் 3.26 ஒளியாண்டு, கிலோ என்றால் ஆயிரம்). ஒளியாண்டில் 20,000ஐ ஒட்டி. கா = 3.8 ஆண்டு என்று வைத்துத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், உச்ச வளையம் 39 வில்நொடி ஆரத்தில் வரவேண்டும்.

அந்த ஏசிஎஸ் கேமரா ஹபிளில் ஏறியது 2002 மார்ச்சில். எதிரொலி கண்ணில் பட்டது பிப்ரவரியில். இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

ஈசூன் | பிப்ரவரி 6, இரவு 9:15

பூஜ்ய நாள் பற்றி ஒரு எச்சரிக்கை. வி838க்கு உச்சம் ஒன்றல்ல, மூன்று. ஜனவரி, பிப்ரவரி, மார்ச். ஜனவரி ஆரம்பத்திலிருந்து எண்ணினால் மே 20க்கு 103 நாள் அல்ல, 130க்கு மேல். ஆழம் கால்பங்கு மாறிவிடும். வெளி விளிம்பு பிப்ரவரி உச்சத்துக்கு உரியது என்று எப்படித் தெரியும்? நிறம். பிப்ரவரி உச்சத்தில் நட்சத்திரம் நீலமாக இருந்தது, பிறகு சிவந்துகொண்டே போனது. எதிரொலியிலும் வெளி விளிம்பு நீலம், உள்ளே சிவப்பு. ஒளிவளைவு அப்படியே தூசியில் விரித்துப் போட்டிருக்கும். நீல, சிவப்பு ஃபில்டர் படங்களில் தனித்தனியாக விளிம்பு எடுங்கள், இரண்டையும் கலந்த வண்ணப்படத்தில் அளக்காதீர்கள்.

தோ பாயோ | பிப்ரவரி 6, இரவு 9:40

இந்தக் குழப்பம் புதுசு இல்லை. 1901 பிப்ரவரியில் பெர்சியஸ் விண்மீன் குழுவில் ஒரு நோவா, அதாவது திடீரெனப் பிரகாசித்த நட்சத்திரம். அந்த ஆண்டே அதைச் சுற்றி நெபுலா விரிவதை ரிட்சி யெர்க்ஸ் ஆய்வகத்திலும் பெரைன் லிக் ஆய்வகத்திலும் படம் எடுத்தார்கள். பொருள் இவ்வளவு வேகத்தில் போக முடியாது, இது ஒளி பரவுவது என்று வானியலாளர் காப்டைன் உடனே சொன்னார். ஆனால் அவரும் செங்காங் மாதிரி பக்கவாட்டில் ஒளிவேகம் என்று எடுத்துக்கொண்டார். பரவளையத்தைச் சரியாகப் போட்டு, தோற்றவேகம் ஒளியைத் தாண்டலாம் என்று கூடெர்க் எழுத 1939 ஆகிவிட்டது. செங்காங் இரண்டு நாளில் வந்து சேர்ந்துவிட்டார்.

ஜூரோங் | பிப்ரவரி 8, மாலை 6:30

ஆர்எஸ் பப்பிஸைச் சேர்க்காமல் இந்த இழை முழுமையாகாது. வெடிக்கவில்லை, 41.4 நாளுக்கு ஒருமுறை ஒளி ஏறி இறங்கும் செஃபீட் வகை நட்சத்திரம். சுற்றித் தூசி இருப்பதால் ஒவ்வொரு துடிப்பும் ஒரு வளையமாக வெளியே போகும். தூசியில் ஒரு முடிச்சைப் பிடித்து, அது நட்சத்திரத்துக்கு எவ்வளவு பின்தங்கித் துடிக்கிறது என்று அளந்தால் தூரம் கிடைக்கும் என்பது திட்டம். கெர்வெல்லா குழு 2008இல் 1,992 பார்செக், பிழை வெறும் 28 என்று போட்டார்கள்.

பிடோக் | பிப்ரவரி 8, இரவு 8:02

அந்த 28ஐ அப்படியே விழுங்க வேண்டாம் ஜூரோங். இரண்டு ஓட்டை. முதலாவது, துடிப்பின் பின்தங்கலில் பின்னம் மட்டும்தான் தெரியும். 0.3 சுற்றா, 3.3 சுற்றா, 7.3 சுற்றா என்று முடிச்சு சொல்லாது. இரண்டாவது, முடிச்சுகள் சராசரியாக ஆ = 0 தளத்தில் இருப்பதாக எடுத்துக்கொண்டார்கள். இதைத்தான் பாண்டும் ஸ்பார்க்ஸும் 2009இல் மறுத்தார்கள். முன்னால் கிடக்கும் தூசிதான் நம் பக்கம் அதிகமாகச் சிதறும், கண்ணில் படும் முடிச்சுகளே ஒருதலைப்பட்சமான தேர்வு. பிறகு கெர்வெல்லா குழுவே ஹபிள் போலரைசேஷன் படங்களோடு 2014இல் 1,910 பார்செக், பிழை 80 என்று போட்டது. பிழைக்கோடு பெரிதானதுதான் முன்னேற்றம்.

செங்காங் | பிப்ரவரி 9, காலை 10:10

சரி, 25 மடங்கு நேரம் என்றால் வி838 இங்கிருந்து இல்லை. ஆர்எஸ் பப்பிஸ் நெபுலாவும் இல்லை. அப்போ சிங்கப்பூர்க்காரன் நெட்டில் படம் பார்த்துக்கிட்டே இருக்கணுமா?

ஜூரோங் | பிப்ரவரி 9, மதியம் 12:45

என்ஜிசி 2261. ஹபிளின் மாறும் நெபுலா. மோனோசெரோஸிலேயே இருக்கிறது, 83 பாகை உயரத்துக்கு வரும், நீளம் ஏறக்குறைய 2 வில்நிமிடம். தலைப்பகுதி சிறிய இடத்தில் குவிந்த வெளிச்சம் என்பதால் நம் வானத்தையும் மீறித் தெரியும். 1949 ஜனவரியில் பாலோமர் 200 அங்குலத் தொலைநோக்கி முதன்முதலில் படம் எடுத்ததும் இதைத்தான்.

தூரம் சுமார் 2,500 ஒளியாண்டு. ஒளி ஒரு மாதத்தில் போகும் தூரம் அங்கே 7 வில்நொடியாகத் தெரியும். 1,000 மி.மீ. குவியத்தூரம், 3.76 மைக்ரான் பிக்சல் என்றால் பிக்சலுக்கு 0.78 வில்நொடி (206.265ஐ பிக்சல் அளவால் பெருக்கிக் குவியத்தூரத்தால் வகுக்கவும்). மாதத்துக்கு 9 பிக்சல் நகர்வு. சீஸ்டார் எஸ்50 ஸ்மார்ட் டெலஸ்கோப் வைத்திருப்பவர்களுக்கு 250 மி.மீ., 2.9 மைக்ரான், பிக்சலுக்கு 2.4 வில்நொடி, மாதத்துக்கு 3 பிக்சல். கஷ்டம், ஆனால் இரண்டு மாத இடைவெளியில் பிடிபடும்.

பிப்ரவரி நடுவில் இரவு 10 மணிக்கு உச்சி, மார்ச் நடுவில் 8:15. ஆண்டின் வறண்ட மாதம் பிப்ரவரிதான், அதை விடக்கூடாது.

தோ பாயோ | பிப்ரவரி 9, மதியம் 1:30

ஆட்சேபம். அது எதிரொலி இல்லை, நிழல். நெபுலாவுக்கு ஒளி தரும் ஆர் மான் (ஆர் மோனோசெரோட்டிஸ்) நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் சுற்றும் தூசிக் கட்டிகள் ஒளியை மறைக்கின்றன, அந்த நிழல் வெளியே நெபுலா மேல் ஓடுகிறது. நட்சத்திரம் வெடிக்கவும் இல்லை, துடிக்கவும் இல்லை.

பிடோக் | பிப்ரவரி 9, இரவு 10:20

நிழலின் விளிம்பும் ஒளிவேகத்தில்தான் போகிறது, அதே பரவளையம் அதற்கும் பொருந்தும். ‘இன்றுமுதல் ஒளி வராது’ என்பதும் ஒரு செய்திதான். பெயர் எதுவானாலும் சூத்திரம் ஒன்று.

ஜூரோங்கின் ‘மாதம் 7 வில்நொடி’யை மட்டும் கவனமாக எடுத்துக்கொள்ளுங்கள். நெபுலாவின் சுவர் பார்வைக்கோட்டுக்குச் செங்குத்தாக இருந்தால்தான் 7. நம்மை நோக்கிச் சாய்ந்து, பார்வைக்கோட்டோடு 60 பாகை என்றால் 1.73 மடங்கு, 12 வில்நொடி. எதிர்ப்பக்கம் சாய்ந்து 120 பாகை என்றால் 0.58 மடங்கு, 4 வில்நொடி. அளந்த வேகத்திலிருந்து சாய்வைத்தான் எடுக்கலாம், அதுவே நல்ல வேலை.

ஈசூன் | பிப்ரவரி 10, இரவு 11:55

எடுக்கப் போகிறவர்களுக்கு, நம் ஊர்க் கோளாறுகள்:

துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் இரண்டு பாகைக்குள். மறைக்க ஒரு அடுக்குமாடி புளோக் போதும். துருவ ஸ்கோப்பை மறந்துவிட்டு, நைனா மென்பொருளில் உள்ள மூன்று புள்ளி முறையைப் பயன்படுத்துங்கள். வானத்தின் எந்தப் பக்கத்திலும் மூன்று படம் எடுத்து, இடம் கண்டுபிடித்து, பிழையைச் சொல்லும். ஈக்வடோரியல் மவுண்டின் அட்சரேகைத் திருகு 1 பாகைவரை இறங்குமா என்று வாங்கும் முன்பே பார்க்கணும். இறங்கினாலும் எதிர்எடைத் தண்டு முக்காலியின் காலில் இடிக்கும். நடுவில் ஒரு நீட்டிப்புத் தூண் போட்டால் தீரும்.

ஸ்மார்ட் டெலஸ்கோப்பை மேலே-கீழே, இடம்-வலம் முறையிலேயே ஓட்டுகிறவர்கள் உச்சியில் எடுக்க வேண்டாம். உச்சியில் 10 நொடிக்குள் படம் 0.3 பாகை சுழன்றுவிடும், ஓரத்து நட்சத்திரமெல்லாம் கோடாகும். ஒப்பிட அந்த நட்சத்திரங்கள்தான் வேண்டும். உச்சி தாண்டி இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தால் உயரம் 59 பாகை, சுழற்சி 10 நொடிக்கு 0.02 பாகை. பொருள் மேற்கே இறங்கும்போது நம் ஊரில் சுழற்சி கிட்டத்தட்ட நின்றுவிடும். லண்டனில் இருப்பவனுக்கு இந்த வசதி கிடையாது.

ஏர்கான் அறையிலிருந்து நேராக வெளியே கொண்டுபோனால் கண்ணாடி உடனே வியர்க்கும். பையை மூடியபடி அரை மணி நேரம் வெளியே வையுங்கள். டியூ ஹீட்டரை முதல் நிமிடத்திலிருந்தே ஓடவிடுங்கள், பனி படிந்தபின் போட்டால் காயவே அரை மணி. குளிரூட்டும் கேமராவை மைனஸ் 10க்கு வைக்காதீர்கள். இரவு 28 பாகையில் பெரும்பாலானவை திணறும், வெப்பம் ஏறி இறங்கினால் (கேமரா இரைச்சலைக் கழிக்க மூடிபோட்டு எடுக்கும்) டார்க் படங்கள் பொருந்தாது. பூஜ்யத்தில் வைத்து எல்லா மாதமும் அதையே வைத்திருங்கள். வேலை முடிந்ததும் ட்ரை கேபினட், ஈரப்பதம் 40 முதல் 45. பூஞ்சை வந்த லென்ஸ் தானே ஒளிவட்டம் போடும், அதை எதிரொலி என்று நினைத்துவிடப்போகிறீர்கள்.

தோ பாயோ | பிப்ரவரி 11, காலை 8:20

கடைசி வரி வேடிக்கை இல்லை. அதே 1901 ஆகஸ்டில் ஃப்ளாமரியோனும் அந்தோனியாதியும் நோவா பெர்சியைச் சுற்றி ஒரு ஒளிவட்டம் கண்டார்கள். லென்ஸின் நிறப்பிறழ்ச்சி அது. மாக்ஸ் வோல்ஃப் அதைப் பிரித்துக் காட்டியபின்தான் உண்மையான நெபுலா தெரிந்தது.

சோதனை எளிது. நட்சத்திரத்தைப் படத்தின் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்த்துங்கள். பொய் வட்டம் இடம் மாறும் அல்லது ஒருபக்கம் சாயும். பக்கத்தில் அதே வெளிச்சமுள்ள இன்னொரு நட்சத்திரத்தையும் பாருங்கள், அதைச் சுற்றியும் அதே ஆரத்தில் வட்டம் இருந்தால் கதை முடிந்தது. மாதக்கணக்கில் அளவு மாறாத வட்டத்தையும் நம்பாதீர்கள்.

செங்காங் | பிப்ரவரி 23, இரவு 11:40

முதல் தொகுதி ஏற்றியிருக்கிறேன். சீஸ்டார், 10 நொடி, 300 படம். சும்மா நீட்டிப் பார்த்தாலே விசிறி வடிவம் தெரியுது. அடுத்த மாதம் இன்னொன்று எடுத்து இதிலிருந்து கழித்துவிட்டால் போதுமா?

பிடோக் | பிப்ரவரி 24, காலை 7:18

கழிப்பதில்தான் எல்லாரும் சறுக்குவார்கள். வரிசையாக:

ஃபிட்ஸ் ஃபைல் (கேமராவின் மூல எண்கள் மாறாமல் இருப்பது) மட்டும். ஜேபெக் வேண்டாம், நீட்டிய படம் வேண்டாம். ஏஐ இரைச்சல் நீக்கம், கூர்மையாக்கம் எதுவும் கூடாது. அவை இல்லாத நிழலை வரைந்துவிடும்.

சிரில் மென்பொருளில் ஸ்டாக் செய்யும்போது (படங்களை அடுக்கி ஒன்றாக்கும்போது) ஒரே இரவின் படங்களுக்குள் நார்மலைசேஷன் (வெளிச்சத்தைச் சமப்படுத்துவது) இருக்கட்டும், ஆனால் இரண்டு மாதங்களையும் அதை நம்பி ஒரே அளவுக்குக் கொண்டுவராதீர்கள். வெளிச்ச அளவை நட்சத்திரங்களை வைத்துச் சரிசெய்யுங்கள். ஐந்தாறு ஒப்பீட்டு நட்சத்திரம், நிறக்குறி (நீல, மஞ்சள் ஒளியளவுகளின் வித்தியாசம்) 0.4 முதல் 0.9க்குள், மாறிகள் இல்லாதவை. அவற்றின் ஒளிவிகிதத்தின் நடுமதிப்பை எடுத்து இரண்டாவது படத்தைப் பெருக்குங்கள்.

அடுத்து நட்சத்திர அகலம். ஒரு இரவு 3 வில்நொடி, இன்னொரு இரவு 4 என்றால், நல்ல படத்தை மங்கலாக்கி மோசமானதற்குச் சமமாக்க வேண்டும். மனசு வராது, ஆனால் செய்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு நட்சத்திரத்தைச் சுற்றியும் கருப்பு வெள்ளை வளையம் மிஞ்சும், நெபுலாவின் தலையிலும் அதே வளையம் வந்து நிழல் மாதிரி ஏமாற்றும்.

பின்புலச் சரிவை நீக்கும்போது தானாகப் புள்ளி வைக்கும் முறையை அணைத்துவிட்டு, நெபுலாவுக்கு 5 வில்நிமிடம் தள்ளிக் கையால் புள்ளி வையுங்கள். முதல்படித் தளம் போதும். பெரிய படிகள் நெபுலாவின் வாலையே தின்றுவிடும்.

கழித்தபின் முதலில் நட்சத்திரங்களைப் பாருங்கள். அவை சுத்தமாக மறைந்திருந்தால் மட்டும் நெபுலாவில் மிஞ்சியதை நம்பலாம்.

ஜூரோங் | பிப்ரவரி 24, மதியம் 12:50

மோனோ கேமரா இருப்பவர்களுக்கு: 685 நானோமீட்டருக்கு மேல் விடும் அகச்சிவப்பு ஃபில்டர் போட்டுப் பாருங்கள். வெள்ளை எல்இடி அந்தப் பக்கம் வேகமாக மங்கிவிடும், புகைமூட்டச் சிதறலும் குறையும், ஆர் மான் அங்கே வெளிச்சமாகவே இருக்கும். ஒரு பருவம் முழுக்க ஒரே ஃபில்டர். நிழலின் அடர்த்தி நிறத்துக்கு நிறம் மாறும், நடுவில் மாற்றினால் எல்லாம் வீண்.

ஈசூன் | மார்ச் 2, இரவு 10:05

திரும்பத் திரும்ப வெடிக்கும் நோவாவான டி கொரோனே போரியாலிஸ் வெடித்தால் எதிரொலி வருமா என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார். எதிர்பார்க்காதீர்கள். எதிரொலிக்குத் தூசி வேண்டும், அது பால்வீதித் தளத்திலிருந்து 48 பாகை விலகி இருக்கிறது. நோவாக்களில் எதிரொலி அபூர்வம். 1901 பெர்சியஸ், 1936 தனுசு, பிறகு 2011இல் டி பிக்ஸிடிஸ். அதிலும் டி பிக்ஸிடிஸ் முந்தைய வெடிப்புகளில் தானே எறிந்த பொருளில்தான் எதிரொலித்தது, பார்த்தது ஹபிள்.

தோ பாயோ | மார்ச் 3, காலை 8:15

எதிரொலியின் உச்சகட்டப் பயன் தூரம் அளப்பது இல்லை, பழைய ஒளியை மறுபடி பிடிப்பது. 1572இல் டைக்கோ பார்த்த சூப்பர்நோவாவின் ஒளி தூசியில் சுற்றி 2008இல் வந்து சேர்ந்தது. சுபாரு தொலைநோக்கியில் நிறமாலை எடுத்து அது ஒன்று-ஏ வகை (வெள்ளைக் குள்ளன் நட்சத்திர வெடிப்பு) என்று உறுதி செய்தார்கள். ஈட்டா கரினேயின் 19ஆம் நூற்றாண்டுப் பெருவெடிப்பையும் 2012இல் அப்படியே பிடித்தார்கள். வெப்பநிலை 5,000 கெல்வினை ஒட்டி வந்தது, பழைய மாதிரிகள் எதிர்பார்த்ததைவிடக் குளிர்ச்சி.

காஸ் ஏ இன்னும் சுவாரசியம். வெவ்வேறு திசையில் உள்ள தூசி, வெடிப்பை வெவ்வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறது. மூன்று எதிரொலிகளின் நிறமாலையை ஒப்பிட்டால் ஒரு பக்கம் பொருள் வேகமாகப் போயிருக்கிறது. ஒரே வெடிப்பைச் சுற்றிவந்து பார்க்க வேறு வழியே கிடையாது.

செங்காங் | மார்ச் 25, இரவு 11:20

இரண்டாவது தொகுதி. பிடோக் அண்ணே சொன்ன வரிசையில் கழித்தேன். நட்சத்திரங்கள் மறைஞ்சிடுச்சு, இரண்டைத் தவிர. நெபுலாவின் மேற்கு ஓரத்தில் ஒரு இருண்ட கீற்று. எட்டு பிக்சல் நீளம், தலையிலிருந்து 40 வில்நொடி.

பிடோக் | மார்ச் 26, காலை 7:09

மறையாத இரண்டில் ஒன்று படத்தின் வடக்கு மூலையில் இருக்கிறது, அது சுழற்சி. இன்னொன்று மாறி நட்சத்திரமாக இருக்கலாம், ஏஏவிஎஸ்ஓ (மாறி நட்சத்திர நோக்கர் சங்கம்) பட்டியலில் பார்த்துவிட்டு ஒப்பீட்டுக் கூட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

கீற்றை இப்போதே நிழல் என்று எழுத வேண்டாம். 300 படங்களை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று இரண்டாகப் பிரித்துத் தனித்தனியாக ஸ்டாக் செய்து தனித்தனியாகக் கழியுங்கள். இரண்டிலும் அதே இடத்தில் வந்தால் இரைச்சல் இல்லை. மூன்றாவது தொகுதியில் அது தலையிலிருந்து வெளியே நகர்ந்திருந்தால் நிழல். அதே இடத்திலேயே ஆழமானால் வேறு ஏதோ.

ஈசூன் | மார்ச் 26, இரவு 9:50

மூன்றாவது தொகுதியை ஏப்ரல் 20க்குள் எடுத்துவிடுங்க. ஏப்ரல் நடுவில் அது மாலை 6:15க்கே உச்சி தாண்டிவிடும். இருட்டும் 8:30க்கு உயரம் 55 பாகை, ஒரு மணி நேரம் தாராளமாகக் கிடைக்கும். மாதக் கடைசியில் 40க்கு இறங்கிவிடும், அப்புறம் புளோக் உச்சி விளிம்பு குறுக்கே வரும். எடுக்கும்போது 10 நொடியையே வையுங்க, 20க்கு ஏற்றாதீங்க, முதல் இரண்டு தொகுதியோடு தலைப்பகுதி பொருந்தாமல் போகும். ஃபைல் பெயரில் உலக நேரத்தில் தேதி போடுங்க. நம்ம நேரத்தில் போட்டால் நள்ளிரவில் ஒரே தொகுதி இரண்டு தேதியாகப் பிரிந்து நிற்கும்.